மாமரத்தில் புல்லுருவி, மனதில் ட்ரூயிட் நெறி: பள்ளத்தூர் வாசகிக்குப் பதில்

கேள்வி: பள்ளத்தூரில் அப்பத்தாவுடன் இருந்துகொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பண்டைய பிரிட்டன், பிரான்ஸ் பகுதிப் பூசாரிகளான ட்ரூயிட்களைப் பின்பற்றி, மரத்தையும் இயற்கையையும் போற்றும் ட்ரூயிட் நெறியைப் பற்றி ஒரு வருடமாகப் படித்துவருகிறேன், அதைக் கைக்கொள்ள ஆசை. பின்கட்டுக்கு அப்பால் தோட்டம் இருக்கிறது. பெரிய மாமரம் ஒன்று, கிணற்றடியில் வேம்பு, கொஞ்சம் காய்கறிப் பாத்தி. மாமரத்தில் நாலைந்து இடத்தில் புல்லுருவி ஏறியிருக்கிறது. ட்ரூயிட்களுக்கு அது புனிதச் செடி என்று படித்ததால் வெட்ட மனம் வரவில்லை. மரத்தடியில் தினமும் விளக்கேற்றுகிறேன், நூல் கட்டுகிறேன், பால் ஊற்றுகிறேன். ஓக் மரம் வைக்க வேண்டும் என்று கேட்டால் நர்சரியில் சில்வர் ஓக் தருகிறோம் என்கிறார்கள். அந்த நெறியில் வருடத்துக்கு வரும் எட்டுப் பண்டிகைகளையும் நம் ஊரில் எப்படி அனுசரிப்பது? அப்பத்தாவோ "இது என்னத்தா புது மதம்?" என்று வருத்தப்படுகிறார். எங்கிருந்து தொடங்க?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மாமரத்தைப் பார்ப்போம். மற்றதெல்லாம் பொறுக்கும், அது பொறுக்காது. புல்லுருவியை வெட்டுங்கள்.

ஐரோப்பாவில் ட்ரூயிட்கள் போற்றியது விஸ்கம் என்ற வகை. நம் மாவிலும் வேம்பிலும் ஏறுவது டென்ட்ரோப்தே என்ற வேறு வகை. இரண்டும் தூரத்துச் சொந்தம், நம் சந்தன மரமும் அந்த வம்சம்தான். பிற மரத்தில் உறிஞ்சுவேரை இறக்கிக் குடிப்பது இந்தக் குடும்பத்தின் குணம். புல்லுருவிக்குப் பச்சை இலை உண்டு, சோற்றை அதுவே சமைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரும் உப்புச்சத்தும் மாமரத்துடையவை. பங்குனி, சித்திரை வெயிலில் மாமரம் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். புல்லுருவி அப்படிப் பிடிக்காது, அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அது உட்கார்ந்த இடத்துக்கு அப்பால் கிளை நுனி காய்ந்துபோகிறது. உங்கள் மரத்தில் போய்ப் பாருங்கள். புல்லுருவி ஒட்டிய இடத்தில் கிளை முட்டி போல் வீங்கியிருக்கும், அதைத் தாண்டிய பகுதியில் இலை சிறுத்திருக்கும். எது எந்த இலை என்று சந்தேகம் வந்தால் கசக்கி முகருங்கள். மா இலையில் மாங்காய் வாசம் வரும், புல்லுருவியில் வராது.

இனி நீங்கள் தயங்கும் இடம். ட்ரூயிட்களையும் புல்லுருவியையும் இணைத்துப் பேசும் புகழ்பெற்ற குறிப்பு, கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி எழுதியது. வெள்ளுடை உடுத்த பூசாரி ஓக் மரத்தில் ஏறுகிறார், பொன் அரிவாளால் புல்லுருவியை அறுக்கிறார், கீழே நிற்பவர்கள் வெள்ளைத் துணியில் அதை ஏந்துகிறார்கள். நாள், பிறை தோன்றிய ஆறாம் நாள். நம் பஞ்சாங்கத்தில் வளர்பிறை சஷ்டியை ஒட்டி வரும். அந்தக் குறிப்பில் நடப்பது அறுவடை. ஓக் மரத்தில் அது அபூர்வமாகவே முளைக்கும், அதனால்தான் அத்தனை மதிப்பு. ஆகவே சஷ்டியன்று வெள்ளை வேட்டி விரித்து அறுங்கள். தோட்டக் கணக்கிலும் அந்தத் துணி மிகச் சரியான ஏற்பாடு. புல்லுருவிப் பழத்தின் விதை பசை மாதிரி ஒட்டும். பூங்கொத்திக் குருவி பழத்தைத் தின்றுவிட்டு விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும், அங்கேயே முளைக்கும். துணியில் பிடித்தால் பழம் சிதறாது.

வெட்டும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இலையை மட்டும் பிடுங்கினால் உள்ளே இருக்கும் உறிஞ்சுவேர் மறுபடி தழைக்கும். இந்த வகை கிளை மேலேயே கொடி போல் ஓடி, அங்கங்கே புதிதாக வேர் இறக்கவும் செய்யும். எனவே அடிமரம் இருக்கும் பக்கமாக, கடைசியாக வேர் இறங்கிய இடத்திலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் கிளையோடு வெட்ட வேண்டும். பெருவிரலைவிடத் தடித்த கிளையை ஒரே வெட்டாக அறுக்காதீர்கள், பாரத்தில் முறிந்து அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். வெட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு அடி வெளியே, கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழம் ரம்பத்தால் அறுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிச்சக் கட்டையைக் கடைசியாக, கிளை புறப்படும் இடத்தில் மோதிரம் போல் மேடிட்ட கழுத்தை ஒட்டி அறுங்கள். அந்தக் கழுத்துக்குள் ரம்பம் போகக்கூடாது. காயத்தை மூடும் பட்டை அங்கிருந்துதான் வளரும். ஒரே வருடத்தில் கால்வாசிக்கு மேல் கிளைகளைக் கழிக்க வேண்டாம். காய்ப்பு முடிந்த ஆடி, ஆவணிதான் இதற்குப் பொருத்தம். மழை பிடிக்கும் முன் காயம் ஆறத் தொடங்கிவிடும்.

காயத்துக்குப் போர்டோ பசை போதும். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, பிறகு மூன்றாவது பாத்திரத்தில் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளி அல்லது மண் பானையில் செய்யுங்கள், இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்த பின் கத்தி நுனியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள், இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பூச வேண்டும்.

பெருங்கிளையில் ஒன்று உட்கார்ந்திருந்தால் கிளையை இழக்க வேண்டியதில்லை. புல்லுருவியை ஒட்ட நறுக்கிவிட்டு, அந்த இடத்தைக் கருப்பு பாலித்தீனால் வெளிச்சம் புகாமல் சுற்றிச் சணலால் கட்டுங்கள். சணல் கிளையை இறுக்கிவிடாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளர்த்துங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் வெளிச்சமில்லாமல் புல்லுருவி செத்துவிடும். டீசல் கரைசல் தெளிக்கச் சொல்பவர்கள் உண்டு. வீட்டு மரத்துக்கு வேண்டாம், பக்கத்து இலையும் கருகும்.

அறுத்ததை ஆட்டுக்குப் போடலாம். கஷாயம், தைலம் என்று எதுவும் தயாரிக்காதீர்கள், ஐரோப்பிய வகை நச்சுச்செடி. கண்மாய்க் கரையிலோ ஊர்ப் பொதுவிலோ புல்லுருவி பூத்து நிற்கக் கண்டால் அதை விட்டுவிடுங்கள். அந்த நீண்ட குழல் பூவில் தேன்சிட்டு வந்து நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே அந்தச் செடியை ஏன் போற்றினார்கள் என்று புரியும். உங்கள் மாமரத்தில் மட்டும் அதற்கு இடமில்லை.

அடுத்து விளக்கும் நூலும் பாலும். உங்கள் பக்தியில் குறை ஒன்றுமில்லை, ஆனால் மரத்தின் உடம்பு எப்படி என்று தெரிந்து செய்ய வேண்டும். பட்டைக்கு அடியில் காகிதம் போல் ஒரு பச்சைப் படலம் இருக்கிறது. மரம் தடிப்பதும் காயம் ஆறுவதும் அதனால்தான். அடிமரத்தை ஒட்டி வைத்த அகல் விளக்கின் சூடு தினமும் ஒரே இடத்தில் பட்டால், அந்தப் பக்கத்துப் படலம் வெந்துபோகும். வெளியே ஒரு கருப்புத் தழும்பு மட்டும் தெரியும். இரண்டு மழைக்காலம் கழிந்து பட்டை உதிர்ந்து, உள்ளே கரையான் போன பிறகுதான் சேதம் புரியும். விளக்கை நான்கடி தள்ளி ஒரு கல்லின் மேல் வையுங்கள். சிந்தும் எண்ணெயைத் துடையுங்கள், எண்ணெய் ஊறிய மண்ணில் தண்ணீர் இறங்காது.

நூல் கட்டினால் பருத்தி நூல், இரண்டு விரல் நுழையும் தளர்ச்சி, ஒரு மாதத்தில் அவிழ்ப்பு. நைலான் கயிறும் பளபளப்பு ரிப்பனும் மக்குவதில்லை. மரம் தடிக்கத் தடிக்க உள்ளே வெட்டிக்கொண்டு போய், இலையிலிருந்து வேருக்கு இறங்கும் உணவை அடைத்துவிடும். பால் ஒரு கை அளவு, ஒரு சொம்பு தண்ணீரில் கலந்து, விசேஷ நாளில் மட்டும். தினமும் ஊற்றினால் எறும்பும் நாற்றமும் பூஞ்சணமும்தான் மிஞ்சும். மஞ்சள் குங்குமத்தைப் பட்டையில் பூசாமல் கல்லில் வையுங்கள். ஆணி அடிக்கவே கூடாது. சிமெண்ட் மேடையும் கூடாது, வேருக்கு மூச்சு முட்டும். நெருப்பு வளர்க்கும் சடங்கு செய்வதானால் இரும்புச் சட்டியில், மரத்தின் நிழல் விளிம்புக்கு வெளியே பதினைந்து அடி தள்ளி, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு.

ஓக் ஆசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். நாற்பது டிகிரி தொடும் நம் கோடையில் பிரிட்டன் ஓக் நிற்காது. சில்வர் ஓக் என்று நர்சரியில் தருவது ஓக்கே அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் வேறு மரம் அது. ஓக் அந்த நாட்டில் செய்த வேலையை இங்கே செய்யும் மரத்தைத் தேடுங்கள். நூறு வருடத்துக்கு மேல் நிற்கும், பெருங்குடை விரிக்கும், வௌவால் முதல் மனுஷர் வரை அத்தனை பேருக்கும் சோறு போடும் மரம் என்றால் எங்கள் வாக்கு இலுப்பைக்குத்தான். காரைக்குடிப் பக்கத்தில் இலுப்பைக்குடி என்று ஊரே இருக்கிறது. கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம், விளக்கேற்ற ஆசைப்படும் உங்களுக்கு இதைவிட எது பொருந்தும்? ஆனால் வீட்டுச் சுவரிலிருந்து முப்பது அடியாவது தள்ளி வைக்க வேண்டும். அத்தனை இடமில்லாவிட்டால் மகிழம் வையுங்கள்.

இடம் தேர்வதில் செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. பழைய வீட்டைப் பழுதுபார்த்தபோதெல்லாம் இடித்த சுண்ணாம்புக் காரையைப் பின் தோட்டத்தில்தான் கொட்டியிருப்பார்கள். அந்த மண்ணில் சுண்ணாம்பு ஏறி, செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல் போகும். இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் காரணம், எவ்வளவு எரு போட்டாலும் தீராது. ஒன்றரை அடி ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் வேறு இடம் பாருங்கள்.

குழி மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று அடி. நம் பக்கம் செம்மண்ணுக்கு அடியில் சரளை இறுகிக் கிடக்கும். அடித்தளத்தைக் கடப்பாரையால் இன்னும் ஒரு அடி உடைத்துவிடுங்கள், பக்கச் சுவர்களையும் கீறிவிடுங்கள். வழுவழுப்பாக வெட்டிய குழியில் வேர் தொட்டிக்குள் சுற்றுவது போல் சுற்றும், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி அழுகும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே ஒரு அடி மேடு கட்டி அதன்மேல் நடுவதுதான் வழி. மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் இரண்டு கூடை, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோ. பச்சைச் சாணம் போட்டால் வேர் வெந்துவிடும். கன்று பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள், கழுத்து புதையக்கூடாது. மூடாக்கு நாலு அங்குலம், சருகோ தென்னை மட்டையோ, தண்டிலிருந்து ஒரு சாண் விட்டு. முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை ஒரு குடம் தண்ணீர், மெதுவாக. முற்றத்துக் கூரைத் தண்ணீர் வெளியேறும் வாய்க்காலை அந்தப் பக்கம் திருப்ப முடிந்தால் இன்னும் நல்லது.

பண்டிகைகளுக்கு வருகிறோம். நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டியது இங்கேதான்.

எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரிட்டனில். அந்த நாட்டு வெயிலுக்கும் பனிக்கும் ஏற்ற சக்கரம் அது. லண்டனில் ஜூன் நடுவில் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பரில் எட்டு மணிக்கும் குறைவு. செத்துப் பிழைக்கும் சூரியனைக் கொண்டாட அங்கே காரணம் இருக்கிறது. காரைக்குடியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடம்தான். நவம்பர் தொடக்கத்தில் வரும் சவின் பண்டிகை அங்கே இலை உதிர்ந்து நிலம் அடங்கும் நாள், இறந்தோரை நினைக்கும் நாள். அதே நாளில் இங்கே ஐப்பசி மழை இறங்கி, ஊருணி நிறைந்து, வறண்ட மண்ணில் புல் முளைக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிக்குப் பறவைகள் வந்திறங்கும் காலமும் அதுதான். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த நாளில் மரணத்தைத் தியானித்து உட்கார்ந்தால் தோட்டம் உங்களோடு ஒத்துவராது.

எட்டில் நான்கு, சூரியனின் திருப்பங்கள்: ஜூனில் மிக நீண்ட பகல், டிசம்பரில் மிகக் குறுகிய பகல், மார்ச்சிலும் செப்டம்பரிலும் சமபகல். இவை உலகுக்கெல்லாம் பொது, அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு நடுவில் வரும் மற்ற நான்கையும் உங்கள் மரங்களிடமிருந்தும் வானத்திடமிருந்தும் எடுங்கள். வேம்பு மாசியில் இலை உதிர்த்து, பங்குனி சித்திரையில் பூக்கும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, கிணற்றடிக் கம்பத்தின் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். முதலாவது சித்திரைப் பிறப்பை ஒட்டி வருகிறது. லண்டன்காரர்களுக்கு வாய்க்காத நாள் இது! ஐப்பசியில் முதல் கனமழை விழும் நாள் ஒன்று, மாமரம் முதல் பூங்கொத்து விடும் தை ஒன்று. தேதியைக் காலண்டர் தராது, நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு நோட்டு வேண்டும். தினமும் காலை கால் மணி நேரம், ஒரே மரத்தடி, போன் இல்லாமல். தளிரின் நிறம், எந்தக் கிளையில் எறும்பு ஏறுகிறது, என்ன பறவை, மண்ணில் விரல் எத்தனை கணு இறங்குகிறது, இவ்வளவும் நாலு வரியில். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் கைவிடுவார்கள். ஒன்றுமே மாறவில்லை என்று தோன்றும் வாரம் அது. அந்த வாரத்தை மட்டும் விடாமல் தாண்டுங்கள்.

படிப்பு விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். பழைய ட்ரூயிட்கள் தம் கல்வியை எழுதி வைக்கவில்லை. சிலர் இருபது வருடம் வரை மனப்பாடமாகவே கற்றார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதுகிறார். அவர்களைப் பற்றித் தெரிவதில் பெரும்பகுதி அவர்களோடு போரிட்டவர்கள் சொன்னது. கி.பி. 60 வாக்கில் வேல்ஸ் கரையோரம் மோனா தீவில் அவர்களுடைய புனிதச் சோலைகளை ரோமப் படை வெட்டிச் சாய்த்ததை டாசிட்டஸ் குறிக்கிறார். பகைவனின் காவல்மரத்தை வெட்டுவதே வெற்றியின் அடையாளம் என்று சங்கப் பாட்டில் படித்தவர்களுக்கு அந்த வலி புதிதல்ல. இன்று நடப்பில் இருக்கும் நெறி 18-ஆம் நூற்றாண்டில் மறுபடி முளைத்து வளர்ந்தது. பாடகர், ஓவேட், ட்ரூயிட் என்று மூன்று படிகளாகத் தபாலில் பாடம் நடத்தும் பெரிய அமைப்பை 1964-ல் ராஸ் நிக்கல்ஸ் தொடங்கினார். ஸ்டோன்ஹெஞ்ச் கற்களை ட்ரூயிட்கள் நட்டார்கள் என்று எங்கேயாவது படித்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் முன்பே அவை நின்றன.

அப்பத்தா கேட்பது நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். சிலருக்கு இது மதம்தான். பிரிட்டனில் 2010-ல் ஒரு ட்ரூயிட் அமைப்பைச் சமய அறக்கட்டளையாகவே ஏற்றார்கள். பலருக்கு இது தம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே நடக்கும் ஒரு வழி. நீங்கள் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே இன்னும் தெரியாவிட்டால் அதையும் அப்படியே சொல்லலாம். பிறகு அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு உங்கள் பக்கத்து ஐயனார் கோயில் காட்டுக்குப் போங்கள். வீரை, காசான், உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை என்று அவர் பெயர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அங்கே செருப்பைக் கழற்றுவது, சுள்ளி ஒடிக்காதது, இலை கூட வெளியே கொண்டுவராதது எல்லாம் அந்தக் கோயிலைக் கும்பிடுகிறவர்களுடைய நடைமுறை. நீங்கள் அங்கே விருந்தாளி. புதுச் சடங்கு எதையும் அந்தக் காட்டுக்குள் செய்யாதீர்கள், படித்ததை உங்கள் தோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் படியில் பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அப்பத்தாவின் தாலாட்டில் தொடங்குங்கள், எழுதாமல், கேட்டுக் கேட்டு. அந்த மாமரத்தை யார், எந்த வருடம் வைத்தது என்றும் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

இலுப்பைக்கு ஒன்று சொல்லி விடுகிறோம். விதை விழும் பருவம் ஆவணியோடு முடிகிறது, கடையில் வாங்கிய பழைய விதை முளைக்காது. மரத்தடியில் அன்றைக்கு விழுந்ததைப் பொறுக்கி, தோலை நீக்கி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, பத்து நாளைக்குள் ஊன்றிவிடுங்கள். ஒரு அடி உயரப் பை, செம்மண் இரண்டு பங்கு, மணலும் மக்கிய எருவும் ஒவ்வொரு பங்கு, விதை ஒரு அங்குல ஆழத்தில். அணில் தோண்டாமல் மேலே முள் பரப்புங்கள். மாதம் ஒருமுறை பையை நகர்த்தி வைத்தால் ஆணிவேர் தரைக்குள் இறங்காது. கன்று அடுத்த வருட ஐப்பசியில் நடத் தயாராகும். அதுவரை ஒரு மழைக்காலம் முழுக்கத் தோட்டத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள், குழி எங்கே என்பது அதற்குள் முடிவாகிவிடும்.